பிறேக் பேட்: மலிவுச் சோடியா, ஏஜென்சிச் சோடியா, சின்ரரா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓடுறவங்கட அனுபவம்

களுவாஞ்சிகுடி:

150 சிசி பைக். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். முன் பேட் தேஞ்சிட்டு. பார்ட்ஸ் கடையில மூணு விதம் காட்டுறாங்க. பேர் ஒழுங்கா இல்லாத பெட்டியில ஒரு மலிவுச் சோடி, பைக் கொம்பனி ஏஜென்சி விக்கிற சோடி, எல்லாத்துக்கும் மேல விலையில வெளிநாட்டுச் சின்ரர் சோடி. நாளாந்த ஓட்டம் மட்டக்களப்பு டவுனுக்கு. கிழமைக்கு ஒருக்கா வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் கிறவல் றோட்டு. போட்டுப் பார்த்த அண்ணன்மார் எது எப்படி ஓடுது எண்டு சொல்லுங்க.

கல்லடி, கராஜ்:

தம்பி, விலையைப் பிறகு பாப்பம். முதல்ல பேட் என்னத்தால செஞ்சது எண்டு பாருங்க. ஓர்கானிக் எண்டா நாரும் தூளும் ரெசினும் சேர்த்து அழுத்தினது. சின்ரர் எண்டா செப்பு, வெண்கலம் மாதிரி உலோகத் தூளை அழுத்திச் சூட்டில இறுக வச்சது. நடுவில செமி மெட்டாலிக் எண்டு கலப்பும் இருக்கு. இந்த அளவு பைக்குகளுக்குக் கொம்பனியால போட்டு வாறது பெரும்பாலும் ஓர்கானிக், இல்லாட்டிக் கலப்பு.

ஓர்கானிக் குளிரிலயே பிடிக்கும். சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தின்னாது. ஆனா கெதியாத் தேயும், சூடு ஏறினாப் பிடி விடும். சின்ரர் சூட்டையும் மழையையும் தாங்கும், நிறைய நாள் உழைக்கும். பதிலுக்கு டிஸ்க்கைக் கூடத் தேய்க்கும், சூட்டைப் பேட்டைத் தள்ளுற பிஸ்டனுக்கும் பிறேக் ஒயிலுக்கும் கடத்தும். உலோகம்தானே. பழைய ஒயிலை மாத்தாமச் சின்ரர் போட்டிட்டு, "விலை கூடின பேட், லீவர் ஏன் பஞ்சு மாதிரி இருக்கு" எண்டு கேக்கிறதில நியாயம் இல்ல.

கழட்டுற மலிவுச் சோடிகளில திரும்பத் திரும்பப் பாக்கிறது நாலு விஷயம். உராயுற பகுதி தகட்டில இருந்து ஓரமாக் கிளம்பி நிக்கும். உள்ளுக்குக் கடினமான துணிக்கை இருந்து டிஸ்க்கில வட்ட வட்டமாக் கோடு விழுந்திருக்கும். ஒரே சோடியில ஒண்டு தடிப்பு, ஒண்டு மெல்லிசு. தகட்டுக் காது பிசிறடிச்சு, பேட்டைப் பிடிச்சிருக்கிற கலிப்பரில நகராம இறுகி நிக்கும். இதுல மோசம் முதலாவது. கிளம்பினது முழுசாக் கழண்டா இரும்புத் தகடு நேர டிஸ்க்கில உரசும், பிடி போயிடும்.

எண்டாலும் ஒண்டு. கலிப்பர் இறுகின பைக்குக்கு எந்தப் பேட் போட்டாலும் காசு தண்ணிதான். கழட்டின பழைய சோடியைத் தூக்கி எறியாம ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாருங்க. பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் நிறையத் தேஞ்சிருந்தா கலிப்பர் நகர்ற ஸ்லைட் பின் இறுகியிருக்கு. ஒரு முனை மட்டும் சரிஞ்சு ஆப்பு மாதிரித் தேஞ்சிருந்தா பேட்டைத் தாங்குற பேட் பின்னிலயோ பிறக்கட்டிலயோ கோளாறு. டிஸ்க்கில நீல நிறமாத் திட்டு இருந்தா பிறேக் விடாம உரசிக்கொண்டே ஓடியிருக்கு. பேட் மாத்த முந்தி இதைச் சரிபண்ணுங்க.

அக்கரைப்பற்று, பார்ட்ஸ் கடை:

கடையில நிண்டுகொண்டே பார்க்கக்கூடிய சிலதைச் சொல்றன்.

தகட்டின்ட முதுகைத் திருப்புங்க. நல்ல ஓர்கானிக் பேட் பலதில தகட்டில ஓட்டை இருந்து, உராயுற பொருள் அதுக்குள்ள இறங்கிப் பிடிச்சிருக்கும். ஓட்டை இல்லாமப் பசையில மட்டும் நிக்கிற சாமான் கடற்கரைப் பக்கத்துக்குச் சரிவராது. உப்புத் துரு தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவில புகுந்து தள்ளும். சோடியைக் கண்ணாடி மேசையில முகம் கீழ வச்சா ஆடக்கூடாது. பெயின்ற் ஓரம் வரைக்கும் அடிச்சிருக்க வேணும். இலக்கம் பெட்டியில மட்டும் இல்லாமத் தகட்டிலயும் பொறிச்சிருக்க வேணும்.

பொறிச்ச எழுத்தில ரெண்டு ஆங்கில எழுத்து சோடியா இருந்தா அது உராய்வுக் குறி. முதல் எழுத்து குறைஞ்ச சூட்டுக்கு, ரெண்டாவது கூடின சூட்டுக்கு. ஈ எண்டா உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35. எஃப் 0.35 முதல் 0.45. ஜி 0.45 முதல் 0.55. எச் அதுக்கும் மேல. எச்எச் பெரும்பாலும் சின்ரர். முதலாவது ஜி, ரெண்டாவது எஃப் எண்டா சூடாகச் சூடாகப் பிடி குறையுது எண்டு விளங்கலாம். இந்தக் குறி ஆயுளையும் சொல்லாது, டிஸ்க்கைத் தின்னுமா எண்டும் சொல்லாது. "எச்எச் இருக்கு, அப்ப திறம்" எண்டு கேட்டு வாறவங்களுக்கு இதைத்தான் சொல்றது.

வெளிநாட்டுப் பேட்டில இபிசி எண்டா இங்கிலாந்து, வெஸ்ரா எண்டா யப்பான். பேருக்காக எடுக்காதீங்க. இபிசியிலயே ஓர்கானிக்கும் இருக்கு, சின்ரரும் இருக்கு. வேற வேற இலக்கம். பைப்ரே எண்டு கலிப்பரில எழுதியிருந்தா அது பிரெம்போவின்ட சின்னப் பைக் வகை. அந்தக் கலிப்பருக்கு வேற அச்சில வெட்டின பேட்டை இடுக்கிப் போடாதீங்க. பழைய பேட்டைக் கையில கொண்டு வந்து முதுகோட முதுகு வச்சுப் பொருத்திப் பாருங்க. பைக்கின்ட பேரை மட்டும் சொல்லி வாங்கினா, ஒரே பேரில ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு கலிப்பர் வந்திருக்கும்.

கல்முனை:

125க்குக் கீழ, டவுனுக்குள்ள மட்டும் ஓடுற பைக்குக்குச் சின்ரர் தேவையே இல்ல. பேர் தெரிஞ்ச இந்திய ஓர்கானிக் அல்லது ஏஜென்சிச் சோடி போதும். மிச்சக் காசுக்கு நல்ல முன் டயர் போடுங்க. டயர் பிடிக்காத இடத்தில பேட் பிடிச்சு என்ன?

சம்மாந்துறை:

கல்முனைத் தம்பி சொல்றது டவுனுக்குச் சரி. வட்டைக்கு, வயல்வெளிக்கு, போற பைக்குக்குக் கணக்கு வேற. வெள்ளாமை நேரம் வாய்க்கால் ஓரத்துச் சேறு கலிப்பருக்குள்ள ஏறிக் காயும். மென்மையான ஓர்கானிக் பேட்டில மண் பதிஞ்சு, அதுவே உப்புத்தாள் மாதிரி டிஸ்க்கை அராவும். கிறவல் தூசியும் அப்படித்தான். இந்த ஓட்டத்துக்குச் செமி மெட்டாலிக், அதுவும் நடுவில காடி வெட்டினது, நல்லா உழைக்குது. காடி தண்ணியையும் மண்ணையும் வெளியேத்தும். காடியின்ட அடி தெரியிற அளவுக்குத் தேஞ்சா மாத்துற காலம் வந்திட்டு. காடி இல்லாத பேட்டில உராயுற பொருள் 2 மில்லிமீற்றருக்கு வந்தாக் கடைக்குப் போங்க, 1 மில்லிமீற்றருக்குக் கீழ ஓடவே கூடாது.

மாரியில, கார்த்திகை மார்கழி மழையில, நனைஞ்ச ஓர்கானிக் பேட் லீவரைப் பிடிச்ச உடன பிடிக்காது. தண்ணிப் படலம் துடைபட டிஸ்க் கொஞ்சம் சுத்த வேணும். மாடு படுத்திருக்கிற றோட்டில அந்தக் கொஞ்சம் பெரிசு. தண்ணிக்குள்ளால வந்தா லீவரை மெல்லத் தொட்டுக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடினாக் காஞ்சிடும். சேறு பட்ட நாளில வீட்டுக்கு வந்து கலிப்பருக்கு வாளித் தண்ணி ஊத்துங்க. பிறஷர் தண்ணியை நேர அடிச்சா ஸ்லைட் பின் றப்பருக்குள்ள போயிடும்.

செங்கலடி:

பதுளை றோட்டால மேல போறவங்களுக்கு மட்டும். மகா ஓயா, பிபிலை வரைக்கும் எந்தப் பேட்டும் ஓடும். லுணுகலை, பசறைப் பக்கம் பின்னுக்கு ஆளோட இறங்கக்குள்ளதான் வித்தியாசம் தெரியும். லீவர் கல்லு மாதிரி இறுக்கமா இருந்தும் பைக் நிக்காட்டிப் பேட் சூடேறிப் பிடி விட்டிருக்கு. லீவர் பஞ்சாகி ஹாண்டில் வரைக்கும் வந்தா ஒயில் கொதிச்சுக் குமிழி விழுந்திருக்கு. முதலாவதுக்குப் பேட் மாத்தலாம். ரெண்டாவதுக்கு எந்தப் பேட்டும் உதவாது.

டொட் எண்டது பிறேக் ஒயிலின்ட தரம். டொட் 4 ஒயில் புதுசா இருக்கக்குள்ள குறைஞ்சது 230 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் குடிச்ச நிலைக்கு அந்த எல்லை 155. டொட் 3க்கு 205, 140. வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில ஒயில் ஈரம் குடிக்காம இருக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, தேத்தண்ணி நிறமாயிட்டா அதுக்கும் முந்தி. மூடியில எழுதியிருக்கிற டொட்டைத்தான் ஊத்த வேணும். டொட் 5 சிலிக்கோன், அதை இதோட கலக்கக் கூடாது. இறக்கத்தில கியரைக் குறைச்சு எஞ்சினால பிடிங்க. பிறேக்கைத் தொட்டபடியே இறங்காம, இறுக்கிப் பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு வாங்க.

களுவாஞ்சிகுடி:

அப்ப ஏஜென்சிச் சோடி இல்லாட்டிக் காடி வெட்டின செமி மெட்டாலிக். நானே மாத்தலாமா? மாத்தின பிறகு கீச்சிடுது எண்டு கனபேர் சொல்றாங்களே?

கல்லடி, கராஜ்:

மாத்தலாம், அவசரப்படாட்டி. கலிப்பரை ஃபோர்க்கில பிடிக்கிற ரெண்டு போல்ட்டையும் இறக்க முந்தி, பேட் பின்னைக் கொஞ்சம் இளக்கி வைங்க. கலிப்பர் கையில தொங்கக்குள்ள அது இளகாது. கழட்டின கலிப்பரை ஓஸில தொங்க விடாம ஒரு கம்பியால கட்டுங்க. ஸ்பிரிங் தகடு எந்தப் பக்கம் இருந்தது எண்டு ஃபோனில படம் எடுங்க.

இனி எல்லாரும் விடுற இடம். பழைய பேட்டை எடுத்த உடன பிஸ்டனை உள்ளுக்குத் தள்ளுறாங்க. வெளியில நிண்ட பிஸ்டனைச் சுத்திக் கறுப்பா மண்ணும் பிறேக் தூளும் கட்டியிருக்கும். அதோட தள்ளினா அவ்வளவும் சீலுக்குள்ள போய், பிஸ்டன் திரும்பி வராது. பழைய பல் பிரஷ்ஷும் சவர்க்காரத் தண்ணியும் எடுத்துப் பிஸ்டனைச் சுத்தி மினுங்க மினுங்கக் கழுவித் துடைச்ச பிறகு தள்ளுங்க. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் ஒண்டும் வேணாம், சீல் ஊதிடும். தூளைக் கொம்பிறஷரால ஊதவும் வேணாம், நெஞ்சுக்குக் கூடாது. ஈரத் துணியால துடைங்க.

தள்ள முந்தி மேல ஒயில் டாங்கி மூடியைத் திறந்து பாருங்க. நடுவில ஆரும் ஒயில் ஊத்தியிருந்தாத் தள்ளக்குள்ள பொங்கி வழியும். பெயின்ற்றில பட்டா உரியும், உடனே தண்ணி ஊத்துங்க. மட்டம் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. இடமில்லாம நிரம்பியிருந்தா ஒயில் சூடேறி விரியக்குள்ள பிறேக் தன்பாட்டில பிடிக்கும்.

ஸ்லைட் பின்னுக்குச் சிலிக்கோன் கிறீஸ் மட்டும், மெல்லிசா. போல்ட் பல 150 சிசி பைக்கில 8 மில்லிமீற்றர், இறுக்கம் பொதுவா 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். மனுவலில வேற இருந்தா அதுதான் கணக்கு. எல்லாம் பூட்டின பிறகு, பைக்கை அசைக்க முந்தி, லீவரை இறுகும் வரைக்கும் பல தரம் அடிங்க. அடிக்காம எடுத்தா முதல் பிடிக்கு லீவர் சும்மா ஹாண்டிலுக்கு வரும்.

புதுச் சோடி உடன பிடிக்காது. ஆளில்லாத றோட்டில மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 15 வரைக்கும் நடுத்தரமாப் பிடிச்சு விடுங்க, ஒரு இருபது முப்பது தரம், இடையில ஆற விட்டு. முழுசா நிப்பாட்டிப் பிடிச்சபடி நிக்காதீங்க. அதுக்குப் பிறகும் முதல் 200, 300 கிலோமீற்றருக்கு இடைவெளி கூட விட்டு ஓடுங்க.

கீச்சுக்குக் கனக்கக் காரணம். பழைய டிஸ்க்கில இறுகின பளபளப்பு, பேட் முதுகில வைக்கிற மெல்லிய தகட்டைப் போடாம விட்டது, ஸ்பிரிங்கை மாறிப் போட்டது. பேட் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினாக் கண்ணாடித் துண்டில உப்புத்தாள் விரிச்சு, நனைச்சு, எட்டுப் போடுற மாதிரி உரசுங்க. ஒயில் குடிச்ச பேட் இதுக்குத் திருந்தாது. ஃபோர்க் சீல் கசிஞ்சு ஒயில் இறங்கியிருக்கா எண்டு பாத்திட்டு, சீலையும் மாத்தி, பேட்டையும் எறியுங்க.

திருக்கோவில்:

கடற்கரையில நிப்பாட்டுற பைக்குக்கு ஒண்டு சேர்க்கிறன். இங்க பேட் தேய முந்தி பேட் பின் துருப்பிடிச்சுச் சாகுது. பின்னில பள்ளம் விழுந்திருந்தாப் பேட் அதில சிக்கித் திரும்பாது. புதுப் பின் போடுங்க. ஸ்லைட் பின்னை ஆறு மாதத்துக்கு ஒருக்காக் கழட்டிக் கிறீஸ் மாத்தினா, மலிவும் இல்லாத விலையும் இல்லாத நடுத்தரப் பேட்டே நல்லா ஓடும். பின் ட்ரம்மை மறந்திடாதீங்க. பெடல் விளையாட்டு, பிடிக்க முந்தி சும்மா இறங்கிற தூரம், 20 முதல் 30 மில்லிமீற்றருக்குள்ள இருக்க வேணும். ட்ரம் கையில இருக்கிற அம்புக்குறி கோட்டைத் தொட்டா உள்ளுக்கு உராயுற சூ முடிஞ்சிட்டு.

அக்கரைப்பற்று, பார்ட்ஸ் கடை:

டிஸ்க்கை ஒருத்தரும் அளக்கச் சொல்லல்ல. டிஸ்க்கில ஆகக் குறைஞ்ச தடிப்பு பொறிச்சிருக்கும், அதுக்குக் கீழ போயிருந்தாப் புதுப் பேட் போடாதீங்க. வேர்ணியரை வெளியால வச்சா அது தேயாத விளிம்பைத்தான் அளக்கும், கூடக் காட்டும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நாணயம் ஒவ்வொண்டு வச்சு அளந்து, ரெண்டு நாணயத்தின்ட தடிப்பையும் கழியுங்க. நாலு இடத்தில அளந்து ஆகக் குறைஞ்சதை எடுங்க. ஒரு டிஸ்க்கின்ட காசுக்குக் கனக்கச் சோடி பேட் வாங்கலாம். மலிவுச் சோடியைக் கையில எடுக்கக்குள்ள அதையும் கூட்டிப் பாருங்க.

களுவாஞ்சிகுடி:

அளந்து பாத்திட்டு வாறன். பின்னும் ஒயிலும் சேர்த்தே வாங்கிறன்.