பதர் கலத்தல், பதர் தூற்றல்: ரிவெஸ்ட்டின் 1998 முறைக்குத் தமிழ்ச் சொல்

பட்டர்வொர்த்திலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம்.

கணினி அறிவியலாளர் ரான் ரிவெஸ்ட் பற்றி நாம் எழுதும் தமிழ்க் கட்டுரைக்கான சொற்பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆர்.எஸ்.ஏ. என்ற 1977 மறையாக்க முறை பற்றிய பகுதிக்குப் பொதுத் திறவுகோல், தனித் திறவுகோல், 1973இல் புளூம், ஃபிளாய்டு, பிராட், டார்ஜன் ஆகியோருடன் வெளியிட்ட படிமுறைக்கு நேரியல் காலத் தேர்வு, எம்.டி.5 என்ற செய்திச்சுருக்கப் படிமுறை பற்றிய பகுதிக்கு மோதல். இவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. சிக்கல் அவருடைய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில்தான். 'சாஃபிங் அண்ட் வின்னோயிங்' என்பதற்கு வரைவில் 'பதர் மறையாக்கம்' என்று இருக்கிறது. இதை எடுத்தே ஆக வேண்டும்.

காரணம், அந்த முறையில் மறையாக்கமே (என்கிரிப்ஷன்) கிடையாது. அனுப்புபவர் செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண்ணும் ஒரு சான்றுக்குறியும் (துண்டு மெய்யானது என்று காட்டும் எண்) சேர்த்து அப்படியே திறந்த நிலையில் அனுப்புகிறார். சான்றுக்குறியைக் கணக்கிட அவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான ஒரு மறைதிறவுகோல் உண்டு. இந்தப் பொதிகளுக்கிடையே தவறான சான்றுக்குறி கொண்ட போலிப் பொதிகள் கலக்கப்படுகின்றன. கம்பியில் போவது இப்படி இருக்கும்:

(1, நாளை மாலை 5 மணி, 902416)
(1, நாளை காலை 7 மணி, 530871)
(2, பட்டர்வொர்த் ஜெட்டி, 118204)
(2, கொம்தார் பேருந்து நிலையம், 664039)

திறவுகோல் உள்ளவர் ஒவ்வொரு சான்றுக்குறியையும் தானே கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தாததை வீசிவிடுவார். மற்றவர்க்கு எது மெய், எது போலி என்று தெரியாது. போலியைக் கலப்பவர் அனுப்புநராகவே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. திறவுகோல் தெரியாத மூன்றாம் ஆளும் வழியில் நின்று கலக்கலாம். 64 பிட் நீளத்துக்கு எதையாவது இட்டால் போதும், அது தற்செயலாகச் சரியாக அமைய 2-இன் 64ஆம் அடுக்கில் ஒரு பங்கே வாய்ப்பு.

அன்று அமெரிக்கா வலுவான மறையாக்க மென்பொருளை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. திறவுகோலை அரசு பெற வழி வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்திருந்தது. மறையாக்காமலே மறைவைத் தர முடியும் என்றால் அந்தக் கட்டுப்பாடு எதைக் கட்டுப்படுத்துகிறது என்பதே ரிவெஸ்ட்டின் கேள்வி. அவர் வாதத்தின் உயிரே அங்கே இருக்கிறது. சொல்லில் 'மறையாக்கம்' என்று வைத்தால் அதை நாமே அறுத்துவிடுகிறோம்.

என் முன்மொழிவு: பதர் கலப்பு, பதர் நீக்கம். மெய்ப் பொதிக்கு 'மணிப் பொதி'.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து

> என் முன்மொழிவு: பதர் கலப்பு, பதர் நீக்கம்.

ஐயா, மறையாக்கம் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். 'பதர்' பற்றி மட்டும் ஒரு கேள்வி. சாஃப் என்பது உமி அல்லவா? நகர்ப்புறப் பிள்ளைகளுக்கு உமி தெரியும், பதர் தெரியாது. 'உமிப் பொதி' எளிதாக இருக்குமே.

'நீக்கம்' எனக்கு உறுத்துகிறது. நம் பட்டியலில் டிகிரிப்ஷனுக்கு 'மறைநீக்கம்' என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே 'பதர் நீக்கம்' வந்தால், இதுவும் ஒருவகை மறைநீக்கம் என்று மாணவர் எடுத்துக்கொள்வார்.

'தூற்றல்' என்று போடலாம் என்றால், இங்கே அந்தச் சொல் ஏசுவது, பழிப்பது என்ற பொருளில்தான் நாளிதழில் வருகிறது. 'புடைத்தல்' பாருங்கள். முறம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

'மணிப் பொதி'யும் வேண்டாம். உங்கள் எடுத்துக்காட்டிலேயே 'காலை 7 மணி' இருக்கிறது, குழப்பம்.

பட்டர்வொர்த்திலிருந்து

> 'உமிப் பொதி' எளிதாக இருக்குமே.

அம்மா, எளிமைக்காக இதை விட்டுக்கொடுக்க முடியாது. உமி என்பது ஒவ்வொரு நெல்லின் மேலும் இருக்கும் தோல். குத்திய பிறகு அரிசியையும் உமியையும் கண்ணாலேயே பிரித்துச் சொல்லலாம். பதர் அப்படியன்று. வெளியே முழு நெல். உள்ளே பால் பிடிக்கவில்லை. கெடாவிலோ செகிஞ்சானிலோ அறுத்த நெல்லை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் எது பதர் என்று பார்வைக்கு எளிதில் பிடிபடாது. போலிப் பொதியும் இதே நிலையில்தான் இருக்க வேண்டும்: வரிசை எண் சரி, வாசகம் நம்பும்படி, சான்றுக்குறியின் நீளமும் சரி. ஆங்கிலச் சொல் உமி, வைக்கோல் துகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிச் சொல்கிறது. நம்மிடம் அதைவிடத் துல்லியமான சொல் இருக்கும்போது தளர்ந்த சொல்லை ஏன் எடுக்க வேண்டும்? குறள் 196இல் 'பதடி' என்று வருவதும் இதுவே.

பதர் மெய்யைப் போல இல்லாவிட்டால் முறை எப்படி உடைகிறது என்பதைக் கட்டுரையில் விரிவாகவே எழுத வேண்டும். பிட்டுக்கு ஒரு பொதி என்று வைத்து, 0, 1 இரண்டையும் அனுப்பும் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்ப் பொதி எப்போதும் முதலில் போனால் இருக்கும் இடமே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு இணையிலும் 0 முதலில், 1 அடுத்து என்று நிலையாக அடுக்க வேண்டும். ஒரே திறவுகோலில் வரிசை எண்ணைத் திரும்பப் பயன்படுத்தினால் அதே பிட்டுக்கு அதே சான்றுக்குறி மறுபடி வரும். போலியின் எண்ணோ ஒவ்வொரு முறையும் வேறு. இரண்டு முறை வந்தது மெய் என்று ஒட்டுக்கேட்பவர் எழுதிக்கொள்வார். சான்றுக்குறி போலி செய்ய முடியாததாக இருந்தால் மட்டும் போதாது, வெளியாருக்குத் தற்போக்கு (ரேண்டம்) எண்ணாகவே தெரிய வேண்டும். இதைத்தான் மறையாக்கவியல் ஆய்வாளர்கள் பெல்லாரேவும் போல்டிரெவாவும் 2000இல் முறையாக நிறுவினார்கள்.

செலவையும் மறைக்க வேண்டாம். 1 பிட் வாசகம், 32 பிட் வரிசை எண், 64 பிட் சான்றுக்குறி என்றால் ஒரு பொதி 97 பிட். போலியும் சேர்த்து, செய்தியின் ஒவ்வொரு பிட்டுக்கும் 194 பிட் போகும். இதற்கு ரிவெஸ்ட் சொன்ன மாற்று, செய்தியை முதலில் ஓர் உருமாற்றத்தில் கட்டிவிடுவது: எல்லாத் துண்டும் கையில் இருந்தால்தான் எந்தத் துண்டும் படிக்க வரும். பிறகு பெரிய துண்டுகளாகவே அனுப்பலாம். 128 இடங்களில் மட்டும் இணைப் போலி வைத்தாலே 2-இன் 128ஆம் அடுக்குச் சேர்க்கைகள் வந்துவிடுகின்றன. இதற்கு 'முழுக்கட்டு உருமாற்றம்' என்கிறேன்.

'மறைநீக்கம்' பற்றி நீங்கள் சொன்னது சரி. 'நீக்கம்' போகட்டும். ஆனால் புடைத்தல் வேறு வேலை. முறத்தில் புடைப்பது குத்திய அரிசியிலிருந்து உமியையும் தவிட்டையும் போக்க. களத்தில் பதர் போக்குவது தூற்றித்தான். பழிப்பது என்ற பொருள் குறுக்கே வராமலிருக்க, தனியே 'தூற்றல்' என்று ஒருபோதும் எழுதாமல் 'பதர் தூற்றல்' என்றே எழுதுவோம். 'மணிப் பொதி'யைக் கைவிடுகிறேன், 'நெற்பொதி' இருக்கட்டும்.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து

> 'பதர் தூற்றல்' என்றே எழுதுவோம்.

ஏற்கிறேன் ஐயா. இணைச்சொல் ஒரே வடிவில் இருக்க 'பதர் கலப்பு' என்பதைப் 'பதர் கலத்தல்' ஆக்கிவிடுகிறேன்; கலப்பு என்றால் கலப்படம் நினைவுக்கு வருகிறது.

சான்றுக்குறிக்கு 'மின்முத்திரை' என்று இன்னொரு அன்பர் தனியே எழுதியிருந்தார். அது பொருந்தாது. முத்திரை என்றால் யாரும் பார்த்துச் சரிபார்க்கலாம், அது பொதுத் திறவுகோல் கொண்ட மின்கையொப்பத்துக்கு உரியது. இங்கே சரிபார்க்கும் திறவுகோல் உள்ளவரே போலியும் செய்யலாம். திறவுகோலை அரசிடம் கொடுத்தால் அரசே பயனர் பெயரில் செய்தி உருவாக்கலாம் என்று ரிவெஸ்ட் வாதிட்டதும் இதனால்தான். சான்றுக்குறியே நிற்கட்டும்.

பட்டியலில் சேர்த்த பதிவு:

பதர் கலத்தல்: பொருந்தாச் சான்றுக்குறி கொண்ட போலிப் பொதிகளை மெய்ப் பொதிகளோடு சேர்த்தல். திறவுகோல் தேவையில்லை.
பதர் தூற்றல்: சான்றுக்குறியைத் திறவுகோலால் சரிபார்த்துப் போலிப் பொதிகளைக் கைவிடுதல். மறைநீக்கம் அன்று.
பதர்ப் பொதி, நெற்பொதி: மேற்கண்டவற்றின் போலிப் பொதியும் மெய்ப் பொதியும்.

'முழுக்கட்டு உருமாற்றம்' இன்னும் திறந்தே இருக்கிறது. 'கட்டு' என்பது நிரலாக்கப் பகுதியில் வேறொன்றுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுதுகிறேன்.