ஒரு மூட்டை எலுமிச்சை

குழு: கம்பளைத் தாத்தா குடும்பம்

செவ்வாய், காலை 6.10

லட்சுமி சித்தி: எல்லோருக்கும் காலை வணக்கம். உங்கள் சித்தப்பா நேற்று இரவு மொனராகலையில் இருந்து லொறியில் ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து இறக்கிவிட்டார். எண்ணினேன், 340 இருக்கிறது. பிரியா வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. அதுவரை எப்படி வைப்பது? தலவாக்கலையில் நான்கு நாளாக மழை விடவில்லை.

குமார்: 340 ஆ

ரவி சித்தப்பா: தோட்டக்காரர் பழக்கமானவர். பாதி விலைக்குக் கொடுத்தார். விட மனம் வரவில்லை.

கிளிநொச்சி அண்ணி: இவ்வளவு தேசிக்காயா மாமி! இங்கே சந்தையில் ஒன்று ஒன்றாக எண்ணி வாங்குகிறோம்.

குமார்: இங்கே அதற்குத் தேசிக்காய் இல்லை அண்ணி, எலுமிச்சை என்று பெயர் 😄

கிளிநொச்சி அண்ணி: 1977 கலவரத்தில் உங்கள் சின்னத் தாத்தா அங்கிருந்து இங்கே வந்தபோது அவரும் எலுமிச்சை என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாராம். இப்போது அவருக்கும் தேசிக்காய்தான். 😄

செல்வி அக்கா: சித்தி, முதல் வேலை, மூட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் தரையில் சாக்கு விரித்துப் பரப்புங்கள். மூட்டைக்குள் சூடு கட்டும். கையால் தொட்டு அமுங்குவது, தோல் வெடித்தது, நீலப் பச்சையாகப் பூசணம் பிடித்தது எல்லாம் தனியே. பூசணம் பிடித்த ஒன்று பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். கழுவாதீர்கள். ஈரத்தோடு வைத்தால் இந்த மழையில் நான்கே நாளில் போய்விடும். துணியால் துடைத்தால் போதும். பச்சையாகக் கெட்டியாக இருப்பதை ஒரு கூடையிலும் மஞ்சளாகிவிட்டதை இன்னொரு கூடையிலும் போடுங்கள். மஞ்சளில்தான் சாறு கூட, அதை முதலில் பாவியுங்கள். பச்சை நிற்கும்.

லட்சுமி சித்தி: சரி செல்வி

ரவி சித்தப்பா: பிரிட்ஜில் வைத்தால்?

செல்வி அக்கா: வைக்கலாம் சித்தப்பா. பையில் போட்டுக் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும். திறந்து வைத்தால் தோல் சுருங்கிக் கல்லாகிவிடும். வெளியே கூடையில் என்றால் தலவாக்கலைக் குளிருக்குப் பத்து நாள் இருக்கும், கம்பளையில் அதுவும் இராது. ஆனால் உங்கள் வீட்டு பிரிட்ஜில் 340 கொள்ளாது. மிஞ்சுவதைப் பிழிந்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளைப் பையில் போட்டால் மூன்று மாதத்துக்குக் கவலை இல்லை.

குமார்: கரண்ட் போனால்?

செல்வி அக்கா: அப்போது ஊறுகாய்தான்.

பெரியத்தை: 🎤 குரல் செய்தி 1.48

குமார்: அத்தை, நான் கடையில் நிற்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்களேன்

செல்வி அக்கா: அத்தை உப்பு எலுமிச்சை பற்றிச் சொல்கிறார். பழத்தை நான்காகக் கீறி, அடியில் ஒட்டியிருக்கும்படி விட்டு, உள்ளே கல்லுப்பை அடைத்து ஜாடியில் போட வேண்டும். தினமும் குலுக்க வேண்டும். நான்கைந்து நாளில் தண்ணீர் விட்டதும் எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும், தோல் கருத்துச் சுருங்கும்வரை. கைபடாமல் வைத்தால் ஒரு வருடம் இருக்குமாம். கடைசியில் சொன்னதைப் பெரியத்தையே எழுதட்டும்.

பெரியத்தை: எழுதினால் என்ன. கம்பளையில் அப்பா வைத்த மரம் இருந்திருந்தால் மொனராகலைக்குப் போய் வாங்க வேண்டி வந்திருக்காது. அவ்வளவுதான் சொன்னேன்.

ரவி சித்தப்பா: அக்கா, தண்ணீர்த் தொட்டி கட்ட வேறு இடம் இருக்கவில்லை. எத்தனை தடவை சொல்வது.

பெரியத்தை: கேட்டு வெட்டியிருக்கலாம்.

லட்சுமி சித்தி: அண்ணி, வெயில் இல்லையே. எங்கே காயவைப்பது?

பெரியத்தை: அடுப்புக்கு மேலே பரணில் வை. அம்மா அங்கேதான் வைத்தார்கள்.

கிளிநொச்சி அண்ணி: இங்கே நல்ல வெயில். கொண்டுவந்து தாருங்கள், காயவைத்து அனுப்புகிறேன் 🙂

செல்வி அக்கா: அப்பா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அப்பா, உங்களுக்குப் பிரஷர். உப்பு எலுமிச்சை உங்களுக்கு இல்லை. உப்பில் ஊறாத எலுமிச்சையைக் கறியில் பிழிந்தால் உப்பைக் குறைத்தாலும் நாக்குக்குத் தெரியாது. அப்படிச் சாப்பிடுங்கள்.

பெரியப்பா: 👍

காலை 9.25

குமார்: [அனுப்பப்பட்ட செய்தி] வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சை குடித்தால் புற்றுநோய் அழியும், கொழுப்பு கரையும், கிட்னிக் கல் உடைந்து வெளியே வரும்...

செல்வி அக்கா: குமார், இதைத் தயவுசெய்து வேறு குழுவுக்கு அனுப்பாதே. புற்றுநோய்க்கு எலுமிச்சை மருந்து இல்லை. இதை நம்பி யாராவது கிளினிக்கை நிறுத்திவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை. கொழுப்பையும் கரைக்காது. சீனிப் பானத்தை விட்டுவிட்டு இதைக் குடித்தால் சீனி குறைகிறது, அவ்வளவுதான். கல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் சில வகைக் கல் புதிதாக உருவாகாமல் தடுக்க உதவும், நிறையத் தண்ணீரும் குடித்தால். இருக்கும் கல்லை உடைக்காது. தினமும் குடிப்பவர்கள் குடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். புளிப்பில் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும், அந்த நேரம் துலக்கினால் தேய்ந்துவிடும்.

குமார்: சரி அக்கா. அழித்துவிட்டேன்

ரவி சித்தப்பா: வேன் எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள். மஸ்கெலியாவில் இருந்து சம்பந்தி வீட்டார் எத்தனை பேர்?

பிரியா: 22 பேர் அப்பா. கூடவும் வரலாம்.

செல்வி அக்கா: பிரியா, கிளினிக் போனாயா? ரத்தம் (ஹீமோகுளோபின்) எவ்வளவு?

பிரியா: 9.8 அக்கா

பெரியத்தை: குறைவா?

செல்வி அக்கா: 11க்குக் குறையக் கூடாது அத்தை. பிரியா, மாத்திரை எப்படிப் போடுகிறாய், உண்மையைச் சொல்.

பிரியா: போடுகிறேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக. மஸ்கெலியா அத்தை பால் தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள், அதோடு.

லட்சுமி சித்தி: சம்பந்தியம்மா பாசமாகத் தருகிறார்கள்

செல்வி அக்கா: பாசம்தான் சித்தி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் ரத்தம் அந்தத் தேத்தண்ணியில்தான் நிற்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பிரியா முழுக்கப் படி. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு இலகுவில் எடுத்துக்கொள்ளாது. தேத்தண்ணியின் சாயம் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது. எலுமிச்சையின் விட்டமின் சி அதற்கு நேர் எதிர், இழுத்துக் கொடுக்கும். கிளினிக்கில் இரும்பு மாத்திரையோடு விட்டமின் சி மாத்திரையும் தருவது அதனால்தான். இரண்டையும் சேர்த்துத் தண்ணீரோடு போடு. கல்சியம் மாத்திரையை அதோடு போடாதே, வேறு நேரத்துக்கு மாற்று. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணி வேண்டாம். வல்லாரைச் சம்பலுக்கும் கீரை மல்லுமுக்கும் அரை எலுமிச்சை பிழி. அடுப்பில் கொதிக்கும்போது பிழியாதே, சூட்டில் விட்டமின் சி குறைந்துபோகும். இறக்கியபின் பிழி.

பிரியா: ப்ளேன்டீயில் எலுமிச்சை பிழிந்து குடிக்கலாமா அப்போ?

செல்வி அக்கா: அதுவும் தேத்தண்ணிதானே. தனியே ஒரு நேரம் குடி, சோற்றோடு வேண்டாம்.

பெரியத்தை: மலையில் எத்தனை வருடம் கொழுந்து பறித்தோம். சாப்பாட்டோடு சாயத் தண்ணிதான். அப்போது யாரும் இதைச் சொல்லவில்லையே செல்வி. எனக்கு இரண்டாவது பிள்ளைக்குத் தலை சுற்றி மலையிலேயே விழுந்தேன்.

செல்வி அக்கா: தெரியும் அத்தை. அதனால்தான் இதை விடாமல் சொல்கிறேன்.

குமார்: அக்கா, எலுமிச்சையில்தான் விட்டமின் சி அதிகமா?

செல்வி அக்கா: இல்லை. 100 கிராம் சாற்றில் 30 மில்லிகிராம் அளவுதான். கொய்யாவில் அதைப்போல ஏழு மடங்கு. பிரியா, கொய்யாவும் சாப்பிடு. எலுமிச்சையின் பெருமை வேறு, வருடம் முழுக்கக் கிடைக்கும், எந்தச் சாப்பாட்டிலும் சேரும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் விட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கி ரத்தம் கசிந்த 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும்தான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள், ஒருவர் ஆறே நாளில்...

ரவி சித்தப்பா: செல்வி, வேன்

செல்வி அக்கா: சரி சித்தப்பா 🙏

லட்சுமி சித்தி: எலுமிச்சைச் சாதத்துக்கு 40 போதுமா? ஜூசுக்கு 100 வைத்திருக்கிறேன். ஆரத்திக்கு 5.

கிளிநொச்சி அண்ணி: மாமி, அலுமினியச் சட்டியில் கிளறி வைக்காதீர்கள். புளிப்பு சட்டியை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

செல்வி அக்கா: ஆமாம். பிழிகிற பெண்கள் பிழிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெயிலில் இறங்க வேண்டும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளிக்கும்.

பெரியத்தை: நாங்கள் காலெல்லாம் சோப்பும் எலுமிச்சையும் பூசிக்கொண்டுதான் மலை ஏறுவோம், அட்டை கடிக்காமல் இருக்க.

செல்வி அக்கா: மழையும் மூட்டமுமாக இருந்தபடியால் தப்பித்தீர்கள் அத்தை.

மாலை 5.40

லட்சுமி சித்தி: பிரித்துவிட்டேன். 11 அழுகல். வீட்டுக்கு 25 படி கொடுக்கலாமா? மிச்சம் ஊறுகாய்.

குமார்: எனக்கு வேண்டாம் சித்தி, ஊறுகாயாகத் தாருங்கள்

கிளிநொச்சி அண்ணி: எங்கட பங்கு? 😄

ரவி சித்தப்பா: பார்ப்போம், யாராவது அந்தப் பக்கம் போனால்

பிரியா: அக்கா, அத்தையிடம் தேத்தண்ணி விஷயத்தைச் சொன்னேன். இனி முன்னேரமே ஊற்றுகிறேன் என்கிறார்கள். பார்க்கலாம்.

செல்வி அக்கா: நல்லது. அடுத்த கிளினிக் திகதியைச் சொல்.

லட்சுமி சித்தி: அண்ணி, ஞாயிற்றுக்கிழமை முதலாவது வளையல் நீங்கள்தான் போட வேண்டும். கல்யாணத்துக்குப் போனில் மட்டும் சொன்னது எங்கள் பிழைதான். நாளைக்கு இரண்டு பேரும் பொகவந்தலாவைக்கு நேரில் வருகிறோம்.

பெரியத்தை: இந்த மழையில் எதற்கு வருகிறீர்கள்.

ரவி சித்தப்பா: வருகிறோம் அக்கா

பெரியத்தை: பிழிந்த தோலை எறிந்துவிடாதே லட்சுமி. உப்புத் தொட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு பளிச்சென்று வரும். உனக்கு அந்தப் பதம் வராது, வை.

லட்சுமி சித்தி: வைக்கிறேன் அண்ணி

ரவி சித்தப்பா: அப்போ வேன் பொகவந்தலாவை வழியாக வரட்டுமா?

ரவி சித்தப்பா: அக்கா?

குமார்: அத்தை ஒன்லைனில் இல்லை