இன்ஹேலர்: யாருக்கு எது ஒத்துவந்தது?

தென்காசியிலிருந்து

என் அம்மாவுக்கு 68 வயது. பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. நாற்பது ஆண்டுகள் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவர். ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுத்துப் பார்த்துவிட்டு சி.ஓ.பி.டி., அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் டாக்டர். புகைப் பழக்கமே இல்லாதவருக்கு எப்படி என்று கேட்டேன். “அடுப்புப் புகை மட்டும் இளப்பமா?” என்று திருப்பிக் கேட்டார்.

டியோட்ரோபியம் 18 மைக்ரோகிராம் காப்ஸ்யூல், தினம் ஒன்று. அதை வைத்து இழுக்க ஒரு சிறு கருவி. மருந்துக் கடையில் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் ஆகியும் இளைப்பு துளியும் குறையவில்லை. கருவியைத் தேடி எடுத்தால், உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது! காப்ஸ்யூலைக் காலையில் காபி குடித்த கையோடு தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார். “மாத்திரைதானே என்று நினைத்தேன்” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. வயிற்றுக்குள் போனால் இந்த மருந்து உடலில் சேருவது மிகக் குறைவு. அதனால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை.

பிறகு பழக்கினோம். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும், கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. உதடுகளை இறுக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தால் காப்ஸ்யூல் உள்ளே சுழன்று கரகரவென்று கேட்கும். பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். முதல் நாள் சத்தமே வரவில்லை. நான்காம் நாள் கேட்டதும் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது வடகம் காயவைக்க மாடி ஏறும்போது ஒரு முறைதான் நிற்கிறார். முன்பெல்லாம் மூன்று முறை.

தஞ்சாவூரிலிருந்து

தம்பி, உங்கள் அம்மாவுக்குக் கைகொடுத்த அதே மருந்துதான் எனக்கு வினையாகிவிட்டது. எனக்கு வயது 71, பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பீடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. டியோட்ரோபியத்தில் மூச்சு நன்றாகவே இருந்தது. வாய்தான் பஞ்சு போல உலர்ந்துபோனது. ஒரு நாள் இரவு சிறுநீர் அடைத்துக்கொண்டு, விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எனக்கு ப்ராஸ்டேட் வீக்கம் உண்டு. நெஞ்சு டாக்டரிடம் அதைப் போய் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான். இப்போது ஃபார்மோடெரால், காலையும் இரவும். இழுத்த சில நிமிடங்களில் நெஞ்சு லேசாகிறது. கை சற்று நடுங்குகிறது, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

கோவையிலிருந்து

ஐயா, என் கணவருக்கு ஃபார்மோடெராலோடு புடசோனைடும் சேர்ந்த இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. நாக்கில் தயிர் ஒட்டியது போல வெள்ளை படிந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு இரண்டு முறை நிமோனியா வந்தது. சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரால் அந்த ஆபத்து கூடும் என்றார் புதிய டாக்டர். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னார். ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டால் நல்ல பயன் இருக்குமாம், 100-க்குக் கீழே என்றால் பெரிதாக இராதாம். இவருக்கு 80. ஸ்டீராய்டு இல்லாமல், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள் இரண்டு சேர்ந்த இன்ஹேலருக்கு மாற்றிவிட்டார். இதைப் படித்துவிட்டு ஆஸ்துமாக்காரர்கள் யாரும் தாமாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள், அவர்களுக்கு அதுதான் ஆதாரம்.

ஓய்வுபெற்ற செவிலியர்

வார்டில் நான் ஓயாமல் திருத்திய தவறு ஒன்று உண்டு. காப்ஸ்யூல் கருவியை வேகமாக இழுக்க வேண்டும், அழுத்தும் பம்பை மெதுவாக இழுக்க வேண்டும். பலரும் நேர்மாறாகச் செய்வார்கள். பம்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒன்றாக அமையாவிட்டால் மருந்து தொண்டையிலேயே அடித்துவிட்டு நின்றுவிடும், அவர்களுக்கு ஸ்பேசர், அதாவது பம்போடு பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை தேவை. ஸ்பேசரைக் கழுவினால் துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். தேய்த்தால் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, திடீரென மூச்சு முட்டும்போது டியோட்ரோபியத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அது நாள் முழுவதற்குமான மருந்து. அவசரத்துக்கு உடனே வேலை செய்யும் சால்புடமால், அதிலும் அடங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

தென்காசியிலிருந்து

அம்மா, ஒரு சந்தேகம். சளி கட்டிய நாட்களில் என் அம்மாவுக்கு இழுக்கும் வலு குறைந்து, காப்ஸ்யூல் சத்தமே கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற செவிலியர்

அடுத்த முறை போகும்போது கருவியையும் எடுத்துச் செல்லுங்கள் தம்பி. டாக்டர் கண்ணெதிரே அம்மாவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஸ்பேசரோடு பம்புக்கோ, மருந்தைப் பனிபோல் ஆக்கித் தரும் நெபுலைசருக்கோ மாற்றுவதைப் பற்றி அவரே பேசுவார்.