பழைய பீங்கான் பேசின்: மூடினால் ஒழுகலை, திறந்தால் சொட்டுது

துருப்பிடித்த நட்டு:
தாத்தா காலத்து வாஷ்பேசின். தூக்கிப்போட மனசில்லாமல் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய பித்தளை வேஸ்ட் கப்ளிங்கின் (பேசினின் வடிகால் துளையில் மாட்டும் மரை போட்ட குழாய்த் துண்டு) நட்டு, எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தும் அசையலை. ஹேக்சா பிளேடால் அறுத்துத்தான் எடுத்தேன். பீங்கானில் ஒரு கீறல்கூட விழலை என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

புது 1¼ இஞ்ச் கப்ளிங், மேல் விளிம்புக்கு அடியில் புட்டி, கீழே ரப்பர் வாஷர், நட்டு. அடைப்பானைப் போட்டுத் தண்ணீர் பிடித்து அரைமணி நேரம் விட்டேன், ஒரு சொட்டு இல்லை. அடைப்பானை எடுத்ததும் பெரிய நட்டுக்கு அடியிலிருந்து சொட்டுது. இன்னும் கால் சுற்று இறுக்கியும் அப்படியேதான். அதற்கு மேல் இறுக்க பயமா இருக்கு. புட்டி சரியில்லையா?

மாடிப்படி:
புட்டியைச் சுரண்டிட்டு சிலிக்கான் போடுங்க. எனக்கு அதில் நின்னுச்சு.

பைப்புச்சாவி:
குற்றம் புட்டியில் இல்லை. அரைமணி நேரம் நின்ற தண்ணீரே இறங்கலைன்னா மேல் பக்கம் கச்சிதமா இருக்கு. கப்ளிங்கின் உடம்பில் பக்கவாட்டில் ஓட்டை இருக்கா பாருங்க. பேசின் நிரம்பி வழியாமல் மேலே இருக்கும் துளையில் இறங்குகிற ஓவர்ஃப்ளோ தண்ணீர் உள்ளே வருவதற்கான ஓட்டை அது. அடைப்பான் அதற்கு மேலே உட்காரும், அதனால் மூடியிருக்கும்போது அங்கே தண்ணீர் போகாது. திறந்ததும் இறங்குகிற தண்ணீரில் கொஞ்சம் அந்த ஓட்டை வழியா வெளியே வந்து, பீங்கானுக்கும் கப்ளிங்குக்கும் நடுவில் நிற்கும். அங்கிருந்து மரைப் பள்ளத்தில் சுற்றிச் சுற்றி இறங்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த வாய்க்கால் அடையாது.

சந்தேகம்னா அடைப்பானை மூடி, ஓவர்ஃப்ளோ துளையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்க. அப்பவும் சொட்டினால் இதேதான்.

வாஷர் உட்காரும் இடத்து மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுங்க. பழைய பீங்கானின் அடிப்பக்கம் மேடும் பள்ளமுமா இருக்கும், தட்டை வாஷர் ஒட்டாது. கூம்பு ரப்பர் வாஷர் போடுங்க, கூம்பு மேல்நோக்கி. அதற்கும் நட்டுக்கும் நடுவில் வழுவழுப்பான பிளாஸ்டிக் வாஷர் வேணும், இல்லாட்டி ரப்பரும் நட்டோடு முறுக்கிக்கும். கையால் இறுக்கிட்டு, பிளையரில் அரைச் சுற்று போதும். கழற்றும்போது மேலே புட்டி அசையும், அதைப் புதுசா வைங்க.

மாடிப்படி:
ஓட்டையே இல்லாத கப்ளிங் போட்டா இந்தத் தொல்லை இல்லையே?

பைப்புச்சாவி:
ஓவர்ஃப்ளோவில் இறங்குகிற தண்ணீர் எங்கே போகும்? அங்கேயே நின்னு நாறும். குழாயை மறந்து திறந்துவிட்டால் தரையெல்லாம் வெள்ளம்.

துருப்பிடித்த நட்டு:
டம்ளர் சோதனையில் உடனே சொட்டியது! டேப் சுற்றி, கூம்பு வாஷர் போட்டாச்சு. கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து நாலு முறை நிறைத்துத் திறந்தேன், பேப்பர் காய்ந்தே இருக்கு. தரையில் 1½ இஞ்ச் பைப், கப்ளிங்கிலிருந்து நேராக இறக்கிவிடலாமா?

பைப்புச்சாவி:
நேராக வேண்டாம், சாக்கடை வாடை மேலே ஏறும். நடுவில் பாட்டில் டிராப் வைங்க, அதில் நிற்கும் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கும். பைப் வாயில் 1½-க்கு 1¼ ரிடியூசிங் வாஷர் போடுங்க, பெரிய வாயில் சின்ன பைப் கச்சிதமா உட்காரும்.