பித்தளைப் பட்டன் சட்டையில் பச்சைக் கறை: எந்தப் பூச்சு நிற்கும்?

பொங்கலுக்காக 40 சுங்குடிச் சட்டைகள் தைத்திருக்கிறேன், கழுத்துப்பட்டியில் நானே வெட்டித் தட்டிய பித்தளை இலைகளும் பட்டன்களும், அதே இலையில் ஒரு ஜிமிக்கியும். 22 கேஜ் தகடு, கும்பகோணத்தில் வாங்கியது, முலாம் எதுவும் இல்லை. இருப்பது சென்னையில், கடலிலிருந்து கூப்பிடு தூரம்.

தைத்துப் பத்தே நாளில் இலையைச் சுற்றித் துணியில் பச்சையாக ஒரு வளையம், களிம்புதான். போட்டுப் பார்த்த தோழிக்கு வியர்த்த இடத்தில் இன்னும் மோசம். ஜிமிக்கி மட்டும் கொஞ்சம் கறுத்ததோடு சரி.

புளி போட்டுத் தேய்த்தேன், ஒரு வாரம் பளபளத்தது, அப்புறம் முன்பைவிட வேகமாகக் களிம்பு ஏறியது (புளி சரியாகக் கழுவப்படாமல் தங்கிவிட்டதோ என்று சந்தேகம்). நிறமில்லாத நகப்பூச்சு அடித்ததில் ஊசித் துளையின் ஓரமாகவே உரிந்து வந்தது. ஸ்ப்ரே லாக்கர் (தெளித்து அடிக்கும் வார்னிஷ் மாதிரி) முதல் துவைப்பைத் தாங்கவில்லை. கறைக்கு எலுமிச்சை தடவினால் பச்சை போகிறது, கூடவே சுங்குடிச் சாயமும் போகிறது, அதில் இரண்டு சட்டை பாழ்.

இலைகளைப் பிரித்தெடுத்து மறுபடி தைக்கத் தயார், மூன்று வாரம் கையில் இருக்கிறது. துணியோடு தைத்தே இருக்கும் பித்தளைக்கு, வியர்வையும் கைத்துவைப்பும் தாங்குகிற பூச்சு எது, யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?