கிர்க் சட்டை பச்சையாம்! படம் போட்டுப் பார்த்தவர்கள் மட்டும் பேசவும்

பாளைக்காரன்:
போன வாரம் பழைய தொடர்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வீரவநல்லூர் தறி என்கிறவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "ஸ்டார் ட்ரெக்கில் கேப்டன் கிர்க் போட்டிருப்பது மஞ்சள் சட்டை இல்லை, பச்சைச் சட்டை." தெரியாதவர்களுக்கு: ஸ்டார் ட்ரெக் பழைய அமெரிக்க விண்வெளிக் கப்பல் தொடர், கிர்க் அந்தக் கப்பலின் கேப்டன். இதற்கு ஒன்பது பேர் விருப்பக்குறி வேறு. அந்த ஒன்பது பேரில் ஒருவராவது படத்தைப் போட்டுப் பார்த்தீர்களா?

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று சீசன், 79 பகுதி, எல்லாம் ப்ளூரே டிஸ்க். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி டிவியில் வந்த முதல் பகுதியில் ஆரம்பித்து, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று. முதல் சீசனின் 29 பகுதியும் முடியப் போகிறது. ஃபிலிமில் எடுத்த தொடர் என்பதால் பழைய நெகட்டிவையே மறுபடி ஓட்டி, அழுக்கு எடுத்து, 2009-இல் ப்ளூரேயாக விட்டார்கள். செட்டில் பாறை என்று வைத்தது அட்டை என்பதுகூட இப்போது தெரிகிறது. அவ்வளவு தெளிவான படத்தில் சட்டை மஞ்சள். நல்ல பழுத்த மாம்பழ மஞ்சள். பச்சை என்கிறவர் வந்து காட்டட்டும்.

வீரவநல்லூர் தறி:
அண்ணாச்சி, ஊர் பெயரோடு கூப்பிட்டதற்கு நன்றி. சட்டை பச்சைதான். அந்த உடைகளை வடிவமைத்த வில்லியம் தைஸ் சொன்னதே அதுதான். செட்டில் போட்ட விளக்கும் அந்தக் காலத்து ஃபிலிமும் சேர்ந்து அதை மஞ்சளாக்கிவிட்டன. வடக்கு ரத வீதியில் ஜவுளி எடுக்கப் போகிற எந்த அம்மாவும் டியூப்லைட் வெளிச்சத்தை நம்பி பில் போட விட்டதில்லை. "வாசலுக்குக் கொண்டு வாங்க, வெயில்ல பார்த்துருவோம்" என்பார்கள். ஏன் என்று யோசித்தீர்களா?

பாளைக்காரன்:
வாசலில் பார்த்துவிட்டு அந்த அம்மா, கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைத்தான் நிறம் என்பார். சாயம் போட்டவருக்கு போன் போட்டுக் கேட்க மாட்டார். என் கண்ணுக்குத் தெரிவது மஞ்சள். முடிந்தது.

அம்பை டீச்சர்:
சண்டைக்கு முன்னால் ஒரு விஷயம். "சட்டையின் நிறம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? துணிக்குச் சூரிய வெளிச்சத்தில் இருந்த நிறமா, திரையில் நமக்குத் தெரிகிற நிறமா, இல்லை கதைக்குள் அந்தக் கப்பலில் இருப்பவர்கள் பார்க்கிற நிறமா? மூன்றும் வேறு வேறு. எது என்று முடிவு செய்துகொண்டால் நீங்கள் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம்.

பாளைக்காரன்:
டீச்சர் சொன்னது புரிந்தது. சட்டை மஞ்சள்.

வீரவநல்லூர் தறி:
பச்சை.

மேலப்பாளையம் மெக்கானிக்:
அண்ணாச்சி, சட்டை இருக்கட்டும். ப்ளூரேயில் கப்பல் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து போட்டிருக்கிறார்கள் என்கிறார்களே, பழசு போய்விட்டதா? எனக்கு அந்தப் பழைய கப்பல்தான் வேண்டும்.

பாளைக்காரன்:
தம்பி, இரண்டும் இருக்கிறது. 2006-இலிருந்து புதுசாகச் செய்தார்கள். ப்ளூரேயில் பழசா புதுசா என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நான் பழசுதான் போடுவேன். படம் எடுக்கச் செய்த அந்தக் கப்பல் மாடல் பதினோரு அடிக்கு மேல் நீளம். அதன் ஒரு பக்கத்தில்தான் வேலைப்பாடு முழுசாக இருக்கும், மறுபக்கம் உள் விளக்குக்குப் போகிற வயர் தொங்கும். அதனால் வலது பக்கத்தையே காட்டிக்காட்டிப் படம் எடுத்தார்கள். இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கப்பலுக்கு இந்தக் கதையெல்லாம் உண்டா?

வீரவநல்லூர் தறி:
பார்த்தீர்களா! கப்பல் என்றால் திரைக்குப் பின்னால் வயர் தொங்கியது முக்கியம். சட்டை என்றால் மட்டும் திரையில் தெரிவதுதான் உண்மை. நல்லா இருக்கு அண்ணாச்சி நியாயம்.

பாளைக்காரன்:
ஓய், வயர் வேறு, சட்டை வேறு.

வீரவநல்லூர் தறி:
சரி, உங்கள் கையில் இருக்கிற முதல் சீசனிலிருந்தே காட்டுகிறேன். "கோர்ட் மார்ஷல்" பகுதியைப் போடுங்கள். விசாரணைக்கு கிர்க் பளபளவென்று ஒரு சட்டை போட்டு வருவார். அது என்ன நிறம்? பச்சை. அதே கேப்டன், அதே கப்பல், அதே பதவி. கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருக்கிற ஸ்பாக்குக்கு அன்றாடச் சட்டையும் நீலம், விசேஷச் சட்டையும் நீலம். இன்ஜினியர் ஸ்காட்டுக்கு இரண்டும் சிவப்பு. கேப்டனுக்கு மட்டும் அன்றாடம் மஞ்சள், விசேஷத்துக்குப் பச்சையா? எந்த ஊர் யூனிஃபார்ம் அது?

காரணம் இதுதான். அன்றாடச் சட்டை வெலூர் துணி, வெல்வெட் மாதிரி மயிர் எழும்பிய துணி. விசேஷச் சட்டை சாட்டின். ஒரே நிறம் என்று நினைத்துத்தான் சாயம் போட்டார்கள், துணி வேறானதால் கேமராவில் வேறு வேறாக விழுந்தது. எங்கள் ஊர் செடிபுட்டா சேலையில் பருத்தியும் ஆர்ட் சில்க்கும் கலந்து வரும். இரண்டு நூலையும் ஒரே தொட்டியில் முக்கிப் பாருங்கள், ஒரே நிறமாக வருகிறதா என்று. என் அப்பா இதற்காகவே வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியவர்.

பாளைக்காரன்:
கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிப் போனால், வீட்டில் கட்டுகிற நாலு முழமும் பட்டாகிவிடுமா? "கோர்ட் மார்ஷல்" நேற்றுத்தான் பார்த்தேன். அந்தச் சட்டை பச்சை, ஒத்துக்கொள்கிறேன். அது வேறு சட்டை. நான் பேசுவது அன்றாடச் சட்டை. அது மஞ்சள்.

தூத்துக்குடி உப்புக்காற்று:
எனக்கு இரண்டுமே தெரியாது. நாங்கள் பார்த்த காலத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளை. வீட்டு மொட்டை மாடியில் ஆண்டெனா இலங்கையைப் பார்த்துத்தான் நிற்கும். காற்று அடித்தால் ரூபவாகினி போய்விடும், யாராவது மேலே ஏறிக் குழாயைத் திருப்ப வேண்டும். கிர்க் சட்டை எங்களுக்குச் சாம்பல் நிறம்.

பாளைக்காரன்:
ஸ்டார் ட்ரெக் வந்தது தூர்தர்ஷனில், ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் மெட்ராஸில் மாமா வீட்டில் லீவுக்குப் போனபோது பார்த்தேன். நீர் இலங்கையைப் பார்த்த ஆண்டெனாவில் இதைப் பார்த்தேன் என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வேறு ஏதோ தொடரைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறீர்.

தூத்துக்குடி உப்புக்காற்று:
ஸ்டார் ட்ரெக்கை ரூபவாகினியில் பார்த்தேன் என்று நான் எங்கே சொன்னேன்? ஆண்டெனா அந்தப் பக்கம் நின்றது என்றேன். கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது அண்ணாச்சிக்குப் பழக்கம். இரண்டு வருடம் முன்னால் கருவாட்டுக் குழம்பு விவகாரத்திலும் இதையேதான் செய்தார்.

பாளைக்காரன்:
கருவாட்டை இங்கே இழுக்காதீர். அதிலும் நான் சொன்னதுதான் சரி.

மேலப்பாளையம் மெக்கானிக்:
கருவாட்டுக் குழம்பு என்ன நிறம் அண்ணாச்சி?

பாளைக்காரன்:
தம்பி, கிண்டலுக்கு இது இடம் இல்லை.

வீரவநல்லூர் தறி:
ஃபிலிம் கழுவுகிற லேப்காரர்கள் எப்படி நிறத்தை மாற்றுவார்கள் என்பதற்கு இந்தத் தொடரிலேயே கதை இருக்கிறது. முதன்முதலில் எடுத்த "தி கேஜ்" என்ற மாதிரிப் பகுதியில் பச்சை நிறப் பெண் ஒருத்தி வேண்டும். நடிகைக்குப் பச்சை பூசிச் சோதனைக்குப் படம் எடுத்து லேபுக்கு அனுப்பினால், சாதாரணத் தோல் நிறமாகத் திரும்பி வந்தது. இன்னும் அடர்த்தியாகப் பூசினார்கள். மறுபடியும் அதேதான். கடைசியில் விசாரித்தால், லேபில் இருந்தவர் ஏதோ கோளாறு என்று நினைத்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து பச்சையை எடுத்து எடுத்துச் சரி செய்திருக்கிறார். ஒரு பெண்ணையே பச்சையிலிருந்து மாற்றுகிறவர்களுக்கு ஒரு சட்டை எம்மாத்திரம்?

பாளைக்காரன்:
அது தோல், இது துணி. இது தெரியாத ஆள் தறிக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அப்புறம், பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1996-இல், பின்னால் வந்த டீப் ஸ்பேஸ் நைன் என்கிற ஸ்டார் ட்ரெக் தொடரின் ஆட்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் இந்தக் கப்பலிலேயே இறங்குவதாக ஒரு பகுதி எடுத்தார்கள். அவர்கள் தலைவர் சிஸ்கோ போட்டது என்ன? மஞ்சள். 2009-இல் வந்த புதுப் படத்தில் கிர்க் போட்டது என்ன? மஞ்சள். இவர்கள் எல்லாருக்கும் தெரியாதது வீரவநல்லூரில் தெரிந்துவிட்டது.

வீரவநல்லூர் தறி:
திரையில் மஞ்சளாகத் தெரிந்ததால் அதைப் பார்த்துத் தைத்தார்கள். தப்பான நகலுக்கு எடுத்த நகலைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

அம்பை டீச்சர்:
மறுபடி சொல்கிறேன். துணியா, திரையா?

நாங்குநேரி வயல்:
எனக்கு எலுமிச்சம்பழ நிறமாகத் தெரிகிறது. பழுக்கிறதுக்கு இரண்டு நாள் முன்னால் இருக்குமே, அது. செல்போனில் பார்த்தேன்.

பாளைக்காரன்:
செல்போனில் பார்த்தவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளவும். தலைப்பிலேயே சொல்லியிருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் பார்த்துவிட்டு நிறம் பேசுகிறார்கள். என்னுடையது 55 அங்குலம்.

வீரவநல்லூர் தறி:
அந்த 55 அங்குலத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். டிவி வாங்கி வந்த அன்று கடைக்காரர் எந்த மோடில் வைத்தாரோ அதே விவிட் மோடில், நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற மோடில், இன்றைக்கும் ஓடுகிறது. அதில் செய்தி வாசிக்கிறவருக்கு மஞ்சள் காமாலை, கிரிக்கெட் மைதானம் கிளிப்பச்சை. சதுரமாக எடுத்த படத்தை இரண்டு பக்கமும் இழுத்து வேறு வைத்திருக்கிறார். அவர் வீட்டில் ஸ்பாக் அல்வாக் கடை முதலாளி மாதிரி இருப்பார். இந்த டிவிதான் சாட்சி.

மேலப்பாளையம் மெக்கானிக்:
ஐயோ அண்ணாச்சி.

பாளைக்காரன்:
வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன இடத்தைப் பொதுவில் வைத்துப் பேசுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். சொதியை மூன்று தடவை கேட்டு ஊற்றிக்கொண்டபோது டிவியில் குறை தெரியவில்லை.

பக்கத்தில் கறுப்பு விட்டுப் படம் பார்ப்பது வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை, அதனால் இழுத்து வைத்தோம். நான் தனியாகப் பார்க்கும்போது சரியாகத்தான் வைப்பேன். விவிட் மோடையும் நேற்று மாற்றிவிட்டேன். மாற்றிப் பார்த்தும் மஞ்சள்தான். கொஞ்சம் வெளிறிய மஞ்சள்.

வீரவநல்லூர் தறி:
நேற்று ஏன் மாற்றினீர்கள்?

நாங்குநேரி வயல்:
வெளிறிய மஞ்சள் என்றால் எலுமிச்சம்பழம்தானே?

பாளைக்காரன்:
இல்லை.

மேலப்பாளையம் மெக்கானிக்:
இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிற அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. இரண்டாவது மாதிரிப் பகுதியில் கிர்க்குக்கு ஒருவன் கல்லறை தோண்டி வைப்பான். கல்லில் ஜேம்ஸ் ஆர் கிர்க் என்று இருக்கும். அப்புறம் தொடர் முழுக்க ஜேம்ஸ் டி கிர்க். படத்தில் தெரிவதுதான் உண்மை என்றால் அவர் இனிஷியல் என்ன?

பாளைக்காரன்:
அது எடுத்தவர்கள் செய்த தப்பு.

வீரவநல்லூர் தறி:
ஆக, திரையில் தெரிவது தப்பாகவும் இருக்கலாம். நன்றி மெக்கானிக் தம்பி.

பாளைக்காரன்:
எழுத்து வேறு, நிறம் வேறு. எத்தனை தடவை சொல்வது?

ஒன்று சொல்கிறேன், எல்லாரும் கேளுங்கள். என்பிசிக்கு அப்போது முதலாளி ஆர்சிஏ. ஆர்சிஏ கலர் டிவி விற்கிற கம்பெனி. மஞ்சள், நீலம், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கிற மாதிரி இருந்தால்தானே கலர் டிவி விற்கும்? பாசி பிடித்த பச்சையைப் போட்டு எவன் டிவி விற்பான்? இது பொது அறிவு.

வீரவநல்லூர் தறி:
கலர் வேண்டும் என்றது சரி. மஞ்சள்தான் வேண்டும் என்று யார் சொன்னது? நீங்களே சேர்த்துக்கொண்டீர்கள். தைத்தவர் பச்சை என்கிறார். பாக்கி இருக்கிற சட்டைகளைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், அதிலும் பச்சை. இரண்டாம் சீசனில் "தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்" பகுதியில் தானியக் கிடங்கைத் திறந்ததும் ட்ரிபிள் என்கிற அந்த மயிர்ப் பந்து ஜந்துகள் எல்லாம் கிர்க் தலையில் கொட்டுமே, அப்போது போட்டிருப்பதும் பச்சைச் சட்டை.

பாளைக்காரன்:
அது முன்பக்கம் மடித்துப் போடுகிற சட்டை. வேறு சட்டை.

வீரவநல்லூர் தறி:
எத்தனை வேறு சட்டைதான் வைத்திருப்பார் அந்த மனுஷன்? போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பாளைக்காரன்:
எப்படிப் போட? இரண்டாம் சீசன் பெட்டி உம்ம வீட்டில்தானே இருக்கிறது! போன வருடம் ஆனித் தேரோட்டத்துக்கு வந்தவர் "பத்து நாளில் தருகிறேன்" என்று வாங்கிப் போனது. இந்த ஆனியும் வந்து போய்விட்டது. கேட்டால் பதில் இல்லை, ஆனால் இங்கே வந்து பச்சை பச்சை என்று எழுத நேரம் இருக்கிறது. கேசட் காலத்திலும் இவர் இப்படித்தான். வாங்கிப் போன கேசட்டை ஐப்பசி மழையில் ஈரச் சுவரோரம் வைத்துப் பூசணம் பிடிக்க வைத்துத் திருப்பித் தந்தார். அதைப் போட்டு என் விசிஆர் ஹெட் போனது. இது ஊருக்குத் தெரியட்டும்.

வீரவநல்லூர் தறி:
பூசணம் நீங்கள் தரும்போதே இருந்தது. அதுவும் பச்சை. உங்களுக்கு மஞ்சளாகத் தெரிந்திருக்கும்.

தூத்துக்குடி உப்புக்காற்று:
நான் போன மாதம் அந்தப் பெட்டியை வீரவநல்லூரில் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைகூட அப்படியே பத்திரமாக இருக்கிறது.

பாளைக்காரன்:
அப்படியானால் கூட்டாகச் சேர்ந்துதான் எழுதுகிறீர்களா? புரிந்தது.

அம்பை டீச்சர்:
நான் கிளம்புகிறேன். பரீட்சைப் பேப்பர் கிடக்கிறது.

மேலப்பாளையம் மெக்கானிக்:
அண்ணாச்சி, திருநெல்வேலியில் இப்போது ப்ளூரே பிளேயர் எங்கே கிடைக்கும்?

வீரவநல்லூர் தறி:
பெட்டியை வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். ட்ரிபிள்ஸை உங்கள் வீட்டிலேயே போடுவோம், உங்கள் டிவியிலேயே. நான் சொல்கிற மோடில்.

பாளைக்காரன்:
பெட்டியோடு வாரும். மோடை நான் வைப்பேன். சட்டை மஞ்சள்.