ஏஜென்ட் வகுப்பில் 1980க்கு என்ன வேலை?

அவிநாசி ரோடு:
கோவையில் 14 வருடமாக மென்பொருள் வேலை. போன வாரம் ஏஜென்ட் குழுவுக்கு, அதாவது நமக்காகத் தானே முடிவெடுத்து வேலை செய்யும் மென்பொருள் எழுதும் குழுவுக்கு, ஆறு பேரைப் பேட்டி எடுத்தேன். ஆறு பேரும் பீளமேட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரே பேராசிரியரிடம் படித்தவர்கள். ஏஜென்டுகள் ஏலம் விட்டு வேலையைப் பிரித்துக்கொள்ள 1980ல் ரீட் ஸ்மித் எழுதிய கான்ட்ராக்ட் நெட் முறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். ஆனால் சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாடல், வேலைக்குத் தப்பான மென்பொருள் கருவியை அழைத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றால் நாலு பேர் பேசாமல் இருந்தார்கள். ஆய்வகத்தில் இன்னும் ஜாவாவில் ஜேட் என்ற பழைய ஏஜென்ட் மென்பொருளை ஓட்டுகிறார்களாம். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் வீடுகள் இந்தப் பக்கம் எத்தனை! அந்தப் பணத்துக்கு இதுவா பாடம்?

பவர்டேபிள் வீட்டுப் பெண்:
அண்ணா, நான் அந்த வகுப்பில் படித்தவள். ஊர் திருப்பூர். முதல் நாள் மேடம் கணினியையே திறக்கவிடவில்லை. மூன்று பேரை ஏற்றுமதிக் கம்பெனி ஆக்கினார். ஒன்பது பேர் வேலை வாங்கிச் செய்யும் பட்டறைகள்: நிட்டிங், சாயம், துணியைச் சுருங்காமல் அழுத்தும் காம்பாக்டிங், கூலிக்குத் தைக்கும் பவர்டேபிள். கம்பெனிக்காரர் துண்டுச் சீட்டில் வேலை, அளவு, கெடு எழுதிச் சுற்றுக்கு விடுவார். முடிந்தவர்கள் விலையும் நாளும் எழுதித் தரவேண்டும். அதில் ஒருவருக்கு வேலை போகும். கான்ட்ராக்ட் நெட் அவ்வளவுதான்.

சாயப்பட்டறையாக உட்கார்ந்த பையனுக்கு இரண்டு கம்பெனியிலிருந்து சீட்டு வந்தது. எது கிடைத்தாலும் சரி என்று இரண்டிலும் 'நாலு நாளில் தருகிறேன்' என்று எழுதிவிட்டான். இரண்டும் அவனுக்கே விழுந்தது. மெஷினோ ஒன்று. அவன் துணிக்காகக் காத்திருந்த பவர்டேபிள் நான். ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டதால் வேறு சீட்டு வாங்கவும் எனக்கு வழியில்லை. என் அப்பாவுக்கு எட்டு மெஷின். சாயத்திலிருந்து துணி வராமல், டெய்லர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அவர் உட்காரவைத்திருந்த சாயங்காலங்கள் அப்படியே கண்முன் வந்தன.

அப்புறம்தான் மேடம் பலகையில் எழுதினார். 1995ல் சான்ட்ஹோம், லெஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே சிக்கலை எடுத்தார்கள். கொடுத்த வாக்கிலிருந்து விலகலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே பேசிய ஒரு தொகையைக் கட்டவேண்டும் என்பது அவர்கள் சொன்ன வழி. அந்தத் தொகையைக் கூட்டிக் குறைத்து மறுபடி சீட்டு விளையாடினோம். தொகை ரொம்பக் குறைவாக இருந்தபோது எல்லோரும் விலகினார்கள். ரொம்பக் கூடினால் யாருமே சீட்டு வாங்கவில்லை. இது பழைய பாடம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவிநாசி ரோடு:
அம்மிணி, வகுப்பு நன்றாக இருந்திருக்கும். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து ஏஜென்டுகளுக்கு எல்லாவற்றையும் கட்டம் போட்ட படிவத்தில் ஊட்டவேண்டும். ஏஜென்டுகளுக்குத் தரநிலை வகுக்க 1996ல் தொடங்கிய ஃபிபா (FIPA) அமைப்பு செய்திகளுக்கென்று தனி மொழியே வகுத்தது. திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறை அந்த மொழியில் பேசும்? இன்றைய ஏஜென்ட், 'அண்ணா லாட் நாளைக்கு வராது, ஷேடு ஒத்து வரல' என்ற வாட்ஸ்அப் செய்தியை அப்படியே படித்துப் புரிந்துகொள்கிறது. 40 வருடமாக முடியாத வேலை இது.

பெருந்துறை மஞ்சள்:
பாடத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த டீச்சரம்மாவின் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் ஏலத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தாராம். 1961ல் விக்ரே என்ற பொருளாதார அறிஞர் சொன்ன முறை: அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு, ஆனால் இரண்டாவதாக வந்த விலையைக் கொடுத்தால் போதும். அப்படி வைத்தால் வியாபாரி மனதில் உள்ள விலையையே எழுதுவாராம்.

நாங்கள் விற்பது மறைமுக ஏலத்தில். வியாபாரி விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பார். உள்நிறம் பார்ப்பார், எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்ப்பார், சீட்டில் விலை எழுதுவார். தினமும் அதே ஆட்கள், ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். அவர்கள் பேசிவைத்து இரண்டாவது விலையைக் கீழே அமுக்கினால் என் கதி என்ன? இன்னொன்று, விலை கட்டவில்லை என்றால் நான் கொடுக்கமாட்டேன், மூட்டை குடோனிலேயே கிடக்கும். அவர் கணினியில் இருக்கும் விவசாயி 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவனா?

கரும்பலகை:
நான்தான் அந்த ஆசிரியர். முதலில் பெருந்துறை ஐயாவுக்கு. என் முதல் மாதிரியில் விவசாயி மறுக்கமாட்டார். அது என் தவறு. மறுக்கும் உரிமையைச் சேர்த்தபோது வியாபாரி ஏஜென்டுகள் எழுதும் விலையே மாறியது. விக்ரே முறை கூட்டுச் சேர்க்கைக்கு இடம் கொடுக்கும் என்பது அறிந்த குறைதான். நான் ஓட்டிய வியாபாரிகள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். நீங்கள் சொன்ன டீக்கடையை அதில் வைக்கவில்லை.

அவிநாசி ரோடு சாருக்கு. வாட்ஸ்அப்பைப் படிக்கிறது, சரி. 'பார்க்கலாங்க' என்று பதில் வந்தால் உங்கள் ஏஜென்ட் அதை என்னவென்று குறித்துக்கொள்ளும்? ஏற்பா, மறுப்பா? நம் ஊரில் பாதி நேரம் அது மரியாதையான மறுப்பு. ஃபிபா மொழியை நான் மனப்பாடம் செய்யவைப்பதில்லை. முன்மொழிவது, ஏற்பது, மறுப்பது மூன்றும் வேறு வேறு செயல் என்று அதில் பிரித்திருக்கிறார்கள். அதைத்தான் காட்டுகிறேன்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். ஒரு படி 95 சதவீதம் சரியாக வரும் ஏஜென்டுக்கு 20 படி வேலை கொடுங்கள். ஒரு படியின் தவறு அடுத்ததைத் தொடாது என்று வைத்துக்கொண்டாலும், முழுவதும் சரியாக முடிய வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். எந்தப் படியில் நிறுத்தி மனிதரைக் கேட்பது என்று முடிவெடுக்க, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்ற ஏடு வேண்டும்.

அவிநாசி ரோடு:
'பார்க்கலாம்' விஷயத்தில் எங்களுக்கு அடி விழுந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த ஏஜென்ட் அந்தச் சொல்லைச் சம்மதம் என்று எடுத்து டெலிவரி தேதியைப் போட்டுவிட்டது. நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சரிசெய்தது பாடம் படித்தவர் யாருமில்லை மேடம். அந்தக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் அம்மா, பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்து 'இது இல்லைன்னு அர்த்தம்' என்று குறித்துக் கொடுத்தார். அந்தக் குறிப்புகளை வைத்துச் சோதனை எழுதினோம். உங்கள் மாணவர்களிடம் நான் தேடியது அந்தச் சோதனை எழுதும் பழக்கத்தை. வகுப்பில் சீட்டு விளையாடியவர்கள் உண்மையான பதிவு ஒன்றை முன்னால் வைத்து உட்காரவேயில்லை.

பவர்டேபிள் வீட்டுப் பெண்:
அது உண்மைதான் அண்ணா. கடைசி மூன்று வாரம் ஜேட் நிறுவுவதிலேயே போனது.

கரும்பலகை:
ஜேட் போகட்டும். அந்த மூன்று வாரத்தை சார் சொல்லும் சோதனைக்குக் கொடுக்கிறேன். பெயரும் விலையும் அழித்த செய்திகள் ஒரு நூறு கிடைத்தால் போதும், ஆனால் அந்தக் கம்பெனியின் சம்மதத்தோடு வரட்டும். சீட்டு வகுப்பை மட்டும் எடுக்கமாட்டேன்.

பெருந்துறை மஞ்சள்:
டீச்சரம்மா, ஏலம் நடக்கும் நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. டீக்கடையில் இருந்தே ஆரம்பிக்கலாம்.